வீட்டில் வாசிப்பும் எழுத்தும்: டெல்டா ஊர்களின் பெற்றோருக்கு

தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு வீட்டில் வாசிக்கவும் எழுதவும் பழக்க வேண்டும் என்றவுடன் பெரும்பாலான வீடுகளில் நினைவுக்கு வருவது, பாடத்தை உரக்கப் படிக்கச் சொல்வதும், பார்த்துப் பத்து முறை எழுதச் சொல்வதும்தான். இவ்விரண்டும் பிள்ளையை ஓரிடத்தில் உட்கார வைக்கும் என்பது உண்மை. ஆனால் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையை வாசிக்க வைக்கும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை. 'வாழைப்பழம்' என்பதைப் பத்து முறை எழுதச் சொன்னால், நோட்டின் மேலிருந்து கீழாக முதலில் பத்து 'வா', அதன் பக்கத்தில் பத்து 'ழை' என்று தூண் தூணாக அடுக்கி முடிக்கும் வித்தை இரண்டாம் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளை ஒரு சொல்லையும் எழுதவில்லை. ஆறு வடிவங்களை வரைந்திருக்கிறது, அவ்வளவே. பாடத்தை உரக்கப் படிப்பதிலும் இதே சிக்கல் உண்டு. வகுப்பில் பலமுறை கேட்ட பாடத்தைப் பிள்ளை மனப்பாடமாகவே ஒப்பிக்கும்; கண் ஒரு வரியிலும் வாய் வேறொரு வரியிலும் இருக்கும். பக்கத்தின் நடுவில் ஏதேனும் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டுப் பார்த்தால் உண்மை நிலை உடனே தெரிந்துவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியது பள்ளியை மறுபடி நடத்துவது அன்று என்பது என் கருத்து. பிள்ளை ஏற்கெனவே சரளமாகப் பேசுகிறது. அந்தப் பேச்சை எழுத்தோடு இணைத்துக் கொடுப்பதும், அது வாசிக்கும்போது பொறுமையாகக் கேட்பதுமே வீட்டின் வேலை. எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயியும் இதில் பாதியைச் செய்ய முடியும்.

நேரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஆனால் அது நாள்தோறும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பிடித்து உட்கார வைப்பதால் பெரிய பயன் இல்லை. காவிரிப் பாசன ஊர்களில் வீட்டின் நேரம் வயலின் நேரத்தைப் பொறுத்தே அமைகிறது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில்தான் மேட்டூர் அணையும் வழக்கமாகத் திறக்கப்படுகிறது; குறுவை நடவு, சம்பா நடவு, களையெடுப்பு, தை அறுவடை என்று வேலை நெருக்கும் நாள்களில் அம்மா வீடு திரும்பி உலை வைக்கும் நேரத்தில் பிள்ளை தூங்கி விழும். அத்தகைய நாள்களில் மாலையை விட்டுவிட்டுக் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் ஒதுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் அம்மா சமைக்கும்போது அடுப்படியில் உட்கார்ந்து பிள்ளை வாசிக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விடும் நாள்கள் வீட்டு வாசிப்புக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு. அவை தொலைக்காட்சிக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எழுத்துக்கு முன் ஒலி

கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் விசயதசமியன்று நெல்லிலோ அரிசியிலோ 'அ' எழுதிவிட்டு வரும் பிள்ளைக்கு மறுநாளே பென்சிலும் இரட்டை வரி நோட்டும் வாங்கித் தரும் வழக்கம் பரவலாக இருக்கிறது. மூன்று, நான்கு வயதில் விரல்கள் பென்சிலுக்குப் பக்குவப்பட்டிருக்காது. அந்த வயதில் காது பழகினால் போதும். சொற்களைக் கைதட்டிப் பிரிக்கும் விளையாட்டு இதற்கு உகந்தது: ம-ழை, வா-ழை, ஓ-டம். ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களை மாறி மாறிச் சொல்லலாம்: வயல், வரப்பு, வண்டி, வலை, வடை. முடிவு ஒத்த சொற்கள் இன்னும் சுவையானவை. மடை என்று நீங்கள் சொன்னால் பிள்ளை குடை என்னும்; பிறகு கடை, சடை, நடை, படை, எடை என்று வரிசை நீளும். நடையில் பள்ளிக்குப் போகும்போதும், பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போதும் இதை ஆடலாம். காகிதமோ பென்சிலோ தேவையில்லை. இப்படி ஒலியைப் பிரித்துக் கேட்கப் பழகிய பிள்ளை, பின்னால் எழுத்தைப் பார்க்கும்போது ஏற்கெனவே தெரிந்த ஒலிக்கு ஒரு வடிவம் கிடைத்ததாகவே உணரும்.

எழுத்துகளை எந்த வரிசையில் காட்டுவது

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள் என்று சொன்னால் பிள்ளைக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் 216 உயிர்மெய்களையும் தனித்தனியாகக் கற்க வேண்டியதில்லை. பதினெட்டு அகர வரிசை எழுத்துகளும், அவற்றின் மேல் ஏறும் குறிகளும் தெரிந்தால் பெரும்பகுதி தானாக வந்துவிடும். அட்டவணையை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பிக்க வைப்பதைவிட, சில எழுத்துகளைக் கொண்டு உடனே சொல் அமைக்க வைப்பது நல்லது. ட, ப, ம ஆகிய மூன்றும் எழுத எளியவை. ஒன்றிலிருந்து ஒன்று வளர்பவை. இவற்றோடு புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம் என்று பிள்ளை முதல் நாளிலேயே சொற்களை வாசித்துவிடும். அடுத்துக் க, த, ய, ர, ல, வ சேர்ந்தால் வயல், மரம், கல், பல், கடல், பகல், கப்பல், வட்டம் எல்லாம் கைக்கு வரும். பிறகு துணைக்கால்: பால், கால், வால், தாத்தா, வாய்க்கால்.

இகர, ஈகாரக் குறிகள் பெரும்பாலும் சிக்கல் தருவதில்லை. உகர, ஊகாரம்தான் தொல்லை. ஏனெனில் அவற்றின் குறி எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. அவற்றை அகர வரிசையில் படிக்க வைக்காமல் வடிவ ஒற்றுமையால் குழுவாக்கினால் சுமை குறையும். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குழு. சு, பு, யு, வு இன்னொரு குழு. ணு, து, நு, லு, று, னு மூன்றாவது குழு. ஒரு வாரத்துக்கு ஒரு குழுவை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தக் குழுவின் எழுத்துகள் வரும் சொற்களைத் தேடச் சொல்லுங்கள்: குடம், முடி, வீடு; சுவர், புளி, கதவு; துணி, வயிறு, நுங்கு.

கொம்பு வரும் எழுத்துகளில் வேறு வகையான இடறல் இருக்கிறது. 'கொல்லை' என்பதை வாசிக்கும்போது கண் முதலில் கொம்பையும், அடுத்துக் ககரத்தையும், அதன் பிறகு காலையும் பார்க்கிறது. வாயோ இம்மூன்றையும் ஒரே ஒலியாகச் சொல்ல வேண்டும். கொம்பை மட்டும் பார்த்துவிட்டுக் 'கெ' என்று தொடங்கி, பிறகு காலைக் கண்டு தடுமாறும் பிள்ளைகள் பலர். இதற்கு நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கம் நன்றாகப் பயன்படும். ஒரு தாளில் 'க' மட்டும் எழுதி நடுவில் வைத்து, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு, கால் ஆகியவற்றைத் தனித்தனித் துண்டுகளில் எழுதிக்கொண்டு, இடப்பக்கமும் வலப்பக்கமும் மாற்றி மாற்றி வைத்து வாசிக்கச் சொன்னால், முழு எழுத்தையும் பார்த்த பிறகே வாயைத் திறக்க வேண்டும் என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும்.

தாத்தாவோ அப்பாயியோ சொல்லிக்கொடுக்கும் வீடுகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழக அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிடும்வரை ணை, லை, ளை, னை ஆகியவை வளைந்த தும்பிக்கை போன்ற தனி வடிவத்திலும், ணா, றா, னா முதலியவை காலின்றிச் சுழித்த வடிவத்திலும் எழுதப்பட்டன. அந்தக் காலத்தில் படித்தவர்களின் கை இன்னும் பழைய வடிவத்துக்கே போகும். அதைத் தவறென்று சொல்ல வேண்டாம். "இது தாத்தா படித்த காலத்து எழுத்து" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிள்ளைகள் வேடிக்கையாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

எழுத்துக்கூட்டும்போது

பழைய முறையில் படித்தவர்கள் 'க்' என்பதை 'இக்கு' என்றும் 'ம்' என்பதை 'இம்மு' என்றும் சொல்லிக்கொடுப்பார்கள். எழுத்தின் பெயராக அது இருக்கலாம். ஆனால் 'பட்டம்' என்பதை 'ப, இட்டு, ட, இம்மு' என்று கூட்டிய பிள்ளைக்கு அந்த நான்கிலிருந்தும் பட்டம் என்ற சொல் எழும்பி வருவது கடினம். மெய்யெழுத்து எப்போதும் தனக்கு முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டியே ஒலிக்கும் என்பதைக் காட்டிவிட்டால் இந்தத் தடை நீங்கும்: பட்-டம், பக்-கம், வாய்க்-கால், தஞ்-சா-வூர், மன்-னார்-கு-டி. தொடக்கத்தில் புள்ளி வைத்த எழுத்தையும் அதற்கு முந்தைய எழுத்தையும் சேர்த்துப் பென்சிலால் மெல்ல ஒரு வளைவு போட்டுக் கொடுக்கலாம். சில வாரங்களில் அந்த வளைவு தேவைப்படாது.

பிள்ளை ஒரு சொல்லில் நின்றால் உடனே சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணும் நேரம் காத்திருங்கள். வரவில்லை என்றால் முதல் பகுதியை மட்டும் சொல்லுங்கள். அதன் பிறகும் வரவில்லை என்றால் சொல்லைச் சொல்லிவிட்டு அந்த வரியை மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். அருகில் அமர்ந்து ஒவ்வொரு பிழைக்கும் 'ப்ச்' கொட்டும் வீட்டில் பிள்ளை மெல்லிய குரலில் முணுமுணுத்துப் படிக்கப் பழகிவிடும்; அந்த முணுமுணுப்பில் பிழையும் கேட்காது, வாசிப்பும் வளராது.

புதிய கதையைப் பிள்ளையிடம் நேரடியாகக் கொடுக்காமல், முதலில் பெரியவர் உணர்ச்சியோடு வாசித்துக் காட்டுவதும், அடுத்து இருவரும் சேர்ந்து விரலை ஓட்டியபடி வாசிப்பதும், மூன்றாவதாகப் பிள்ளை தனியாக வாசிப்பதும் நல்ல முறை. முடித்தபின் பாடநூல் வினாக்களைக் கேட்க வேண்டாம். "இந்தக் கதையை அம்மாச்சிக்குச் சொல்" என்று சொல்லுங்கள். கதையை வரிசை குலையாமல் சொல்லிவிட்டால் பிள்ளை புரிந்து வாசித்திருக்கிறது என்று பொருள். எழுத்துப் பிழையின்றி வாசித்துவிட்டு ஒன்றும் சொல்ல முடியாமல் விழிக்கும் பிள்ளைக்கு அதைவிட எளிய நூல் வேண்டும். ஒரு பக்கத்தில் ஐந்துக்கு மேற்பட்ட சொற்களில் தடுக்கினால் அந்த நூல் இப்போதைக்குக் கடினம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நூல்களுக்குப் பெரிய செலவு தேவையில்லை. அரசுப் பள்ளிகளில் 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டவை. உங்கள் பிள்ளை எந்த நிலை நூலை வாசிக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதேபோல 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் இருக்கின்றன. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பு நிலையில் இருந்தால் வீட்டில் மூன்றாம் வகுப்புப் பாடநூலைத் திணிப்பதில் பயன் இல்லை. எழுத்தும் சொல்லுமாகத் தொடங்குவதே குறுக்குவழி. கைப்பேசி வைத்திருப்பவர்கள் பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை வாரியாகப் பிரித்த தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகவே படிக்கலாம். எனினும் ஊர்ப்புற நூலகத்தில் உறுப்பினராகி, பிள்ளையே தன் கையால் நூலைத் தேர்ந்தெடுத்து எடுத்துவருவதற்கு ஈடு இல்லை.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் என்ன செய்யலாம் என்று பலர் கேட்பதுண்டு. கேட்கலாம். பிள்ளை வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று வினவலாம். பொருள் தொடராத இடத்தில், "என்னடா சாமி, இது ஒண்ணும் புரியலையே, மறுபடி படி" என்று சொன்னால் போதும். பிள்ளை திரும்பிப் போய்த் தன் பிழையைத் தானே பிடிக்கும். அப்பாயிக்குக் கதை தெரிந்துகொள்ளும் ஆவல் உண்மையாகவே இருப்பதால், ஆசிரியர் கேட்பதைவிட இந்தக் கேள்விக்குப் பிள்ளை மனமுவந்து பதில் சொல்லும். 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்த பெண் உங்கள் தெருவில் இருந்தால் அவரிடமும் வாரத்தில் ஓரிரு நாள் உதவி கேட்கலாம்.

புத்தகத்துக்கு வெளியே உள்ள எழுத்து

வாசிப்பு பாடநூலோடு நின்றுவிட்டால் அது பள்ளி வேலையாகவே இருந்துவிடும். பேருந்துப் பலகையை வாசிக்கச் சொல்லுங்கள். நீடாமங்கலம், பாபநாசம், வலங்கைமான், பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி என்று நம் ஊர்ப் பெயர்கள் நீளமானவை. ஆனால் பிள்ளைக்கு வாயில் ஏற்கெனவே பழகியவை. 'திருத்துறைப்பூண்டி' என்பதை ஒரு முதல் வகுப்புப் பிள்ளை தானாகக் கூட்டி வாசித்துவிட்டால் அதற்குப் பிறகு நீளமான சொல்லைக் கண்டு அஞ்சாது. வீட்டில் அன்றாடம் கிழிக்கும் நாட்காட்டியில் கிழமையையும் நல்ல நேரத்தையும் வாசித்துச் சொல்வதைப் பிள்ளையின் பொறுப்பாக்கலாம். உரமூட்டையிலும் விதைநெல் பையிலும் அச்சிட்டிருப்பது, மளிகைக் கடையின் விலைப் பலகை, குடும்ப அட்டையில் உள்ள பெயர்கள், கோயில் திருவிழாச் சுவரொட்டி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் வாசிக்கத் தக்கவையே. கல்யாணப் பத்திரிகையைக் குறிப்பாகச் சொல்வேன்: உறவினர் பெயர்கள் நிறைந்த அதில் பிள்ளை தன் தாத்தாவின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஆர்வம் எந்தப் பயிற்சி நூலாலும் வராது.

எழுதும் கை

சிலேட்டையும் குச்சியையும் கைவிட்டுவிடாதீர்கள். அழித்து அழித்து எழுதலாம் என்பதால் பிழைக்கு அஞ்சாத துணிவு அதில் வருகிறது. (குச்சியைத் தின்னும் பிள்ளைகளுக்கு மட்டும் வேறு வழி பார்க்க வேண்டும்.) களத்து மணலிலும் வாசல் மண்ணிலும் விரலால் பெரிது பெரிதாக எழுதவைப்பது அதற்கும் முந்தைய படி. வாசலில் கோலம் போடும்போது பெண், ஆண் வேறுபாடு பாராமல் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டால், புள்ளியைச் சுற்றி இழையை வளைக்கும் பழக்கம் சுழிகள் நிறைந்த நம் எழுத்துக்கு நேரடியாக உதவும். பென்சிலுக்கு வரும்போது நீளமான புதுப் பென்சிலைவிடச் சுண்டுவிரல் அளவுக்குக் குட்டையான துண்டே நல்லது. அதை மூன்று விரலாலன்றிப் பிடிக்க இயலாது. தரையில் கவிழ்ந்து படுத்தபடி எழுதுவதை விடுத்து, மணையையோ சிறு பலகையையோ முன்னால் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து எழுதப் பழக்க வேண்டும். இடக்கையால் எழுதும் பிள்ளையை வலக்கைக்கு மாற்ற முயல வேண்டாம். நோட்டைச் சற்றே வலப்பக்கம் சாய்த்து வைத்துக் கொடுத்தால் போதும்.

பேசுவதும் எழுதுவதும்

இரண்டாம் வகுப்பிலிருந்து பிள்ளையைச் சொந்தமாக ஒரு வரி எழுதச் சொன்னால், "ஆத்துல தண்ணி வந்துச்சு" என்று எழுதும். பெற்றோர் பதறுவது இங்கேதான். பதற வேண்டியதில்லை. தான் பேசும் ஒலியை அப்படியே எழுத்தில் பிடிக்கத் தெரிந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. முதலில் அந்த வரியைப் பாராட்டிவிட்டு, பிறகு "புத்தகத்தில் இதை எப்படி எழுதியிருப்பார்கள்?" என்று கேட்டு, "ஆற்றில் தண்ணீர் வந்தது" என்பதை அதன் அடியிலேயே எழுதிக் காட்டுங்கள். இவ்வாறு இரண்டு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் நோட்டு ஒன்று சில மாதங்கள் வளர்ந்தால், பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள ஒழுங்கு பிள்ளைக்குத் தானாகப் புலப்படும். ஆத்து, காத்து, நேத்து, சோத்து என்று வாய் சொல்வதை எழுத்து ஆற்று, காற்று, நேற்று, சோற்று என்கிறது. ஒண்ணு, மூணு, கண்ணுக்குட்டி என்பவை ஒன்று, மூன்று, கன்றுக்குட்டி என்றாகின்றன. நனைஞ்சது, விளைஞ்சது என்பவை நனைந்தது, விளைந்தது என்றாகின்றன. ஒரு தொகுதிக்கு நான்கைந்து சொற்களைச் சேர்த்த பிறகு பிள்ளையே அடுத்த சொல்லை மாற்றிச் சொல்லத் தொடங்கும். அதன் பிறகு நீங்கள் திருத்த வேண்டியவை மிகவும் குறைந்துவிடும்.

ஒலி ஒத்த எழுத்துகளில் வரும் பிழைகளுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். ஏனென்றால் பெரியவர்கள் பலரும் இவற்றில் உறுதியாக இல்லை. மெய்யெழுத்துகளை ஒப்பிக்கும்போது க ங, ச ஞ, ட ண, த ந, ப ம என்று வல்லினமும் அதன் இனமான மெல்லினமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கடைசியில் ற ன. இந்த ஆறு இணைகளும்தான் சொற்களுக்குள்ளும் சேர்ந்து வருகின்றன. எனவே டகரத்துக்கு முன்னால் ண் (வண்டி, நண்டு, வண்டல்), தகரத்துக்கு முன்னால் ந் (பந்து, உளுந்து), றகரத்துக்கு முன்னால் ன் (கன்று, நன்றி, ஊராட்சி மன்றம்) என்பதைப் பிள்ளை ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருக்கும் வரிசையிலிருந்தே காட்டிவிடலாம். சொல்லின் முதலில் நகரம் (ந) வரும், றன்னகரமும் (ன) டண்ணகரமும் (ண) வாரா என்பதையும் சேர்த்துச் சொன்னால் மூன்று நகரங்களின் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதே போல ட், ற் ஆகியவற்றுக்குப் பின்னால் இன்னொரு மெய் வாராது. பயிற்சி, முயற்சி, ஊராட்சி என்பவற்றில் நடுவே 'ச்' நுழைப்பது பெரியவர்கள் எழுதும் அறிவிப்புகளிலும் காணக் கிடைக்கும் பிழை.

ல, ள, ழ வேறுபாட்டுக்கும் ர, ற வேறுபாட்டுக்கும் இத்தகைய எளிய விதி இல்லை. பல வீடுகளின் பேச்சில் ழகரம் ளகரமாகவே ஒலிப்பதால் காதையும் முழுவதும் நம்ப முடியாது. சொற்களைக் குடும்பமாகச் சேர்த்துக் கண்ணுக்குப் பழக்குவதே வழி. வயலைச் சுற்றியே இதற்குப் போதிய சொற்கள் கிடைக்கும். நெல், வயல், வாய்க்கால், வைக்கோல், கொல்லை ஒருபுறம். களம், களை, குளம், வெள்ளம், உளுந்து இன்னொருபுறம். மழை, உழவு, வாழை, தழை, கூழ் மூன்றாவதாக. ஏர், வரப்பு, கரை, கதிர், பதர், அரிசி என்பவற்றில் இடையின ரகரம். ஆறு, சேறு, பயறு, கயிறு, நாற்று, அறுவடை என்பவற்றில் வல்லின றகரம். அறுவடை செய்யும் கருவியோ அரிவாள். இங்கே பெரியவர்களும் தவறுவதுண்டு. இந்தக் குடும்பங்களைச் சுவரில் ஒட்டிய ஒரு பெரிய தாளில் எழுதி, புதிய சொல் கிடைக்கும்போதெல்லாம் பிள்ளையே சேர்க்கும்படி விட்டுவிடுங்கள். 'ஏரிக்கரையில் ஏறினான்' போன்ற வரிகளைச் சொல்வதெழுதுதலாகக் கொடுத்துப் பார்க்கலாம்.

திருத்துவதில் ஓர் அளவு வேண்டும். பிள்ளை ஐந்து வரி எழுதியிருந்தால் முதலில் அது சொன்ன செய்திக்குப் பதில் பேசுங்கள். பிறகு ஒரே வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் புள்ளி விடுபடுவது என்றால் அது மட்டும். மற்றவை அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும். சிவப்பு மையால் வட்டமிட்டு நிரப்பிய பக்கத்தைப் பார்த்த பிள்ளை அடுத்த முறை இரண்டே வரி எழுதும், அதுவும் தனக்கு உறுதியாகத் தெரிந்த சொற்களை மட்டும் கொண்டு.

சொந்தமாக எழுதுவதற்கு உண்மையான தேவை வீட்டில் எப்போதும் இருக்கிறது. மளிகைச் சீட்டைப் பிள்ளை எழுதட்டும். துவரம் பருப்பு அரைக் கிலோ, வெல்லம் கால் கிலோ என்று எழுதிய சீட்டைக் கடைக்காரர் பிழையின்றி வாசித்துப் பொருள் கொடுத்துவிட்டால் அதைவிடப் பெரிய மதிப்பெண் இல்லை. அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கும் வீடுகள் நம் பகுதியில் ஏராளம். வாரம் ஒருமுறை பிள்ளை தன் கையால் நான்கு வரிக் கடிதம் எழுதி, அதைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பலாம். அப்பாவும் குரல்பதிவாகப் பதில் சொல்லாமல் தாளில் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புவது முக்கியம். அந்தக் கையெழுத்தைக் கூட்டி வாசிக்கப் பிள்ளை எடுத்துக்கொள்ளும் முயற்சியைப் பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும். விதைத்தது எப்போது, முளைத்தது எப்போது, முதல் பூ எப்போது என்று கொல்லையில் ஓர் அவரைச் செடியைப் பற்றி நாள்குறிப்பு எழுதுவது மூன்றாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்குப் பொருந்தும்.

ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் இவை அனைத்தும் பொருந்தும். தமிழில் சரளமாக வாசிக்கும் பிள்ளை, எழுத்தை ஒலியாக்குவது எப்படி என்பதை ஏற்கெனவே கற்றுவிட்டதால் ஆங்கிலத்துக்கு அந்தத் திறனை எடுத்துச் செல்கிறது. ஆங்கிலத்தில் எழுத்தின் பெயரைவிட அது தரும் ஒலியை முதலில் பழக்குங்கள்; மற்றதைப் பள்ளியிடம் விட்டுவிடலாம்.

எப்போது உதவி நாட வேண்டும்

நூலை முகத்தோடு ஒட்டி வைத்து வாசிப்பது, கரும்பலகையில் உள்ளதைத் தவறாக எழுதிவருவது, அடிக்கடி தலைவலி என்பது ஆகியவை கண்ணில் குறை இருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறிகள். முதலில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காதையும் சோதிக்க வேண்டும். கண்ணும் காதும் நன்றாக இருந்து, நாள்தோறும் பழகியும், மூன்றாம் வகுப்பை எட்டிய பிள்ளை ஈரெழுத்துச் சொற்களைக்கூடக் கூட்ட முடியாமலும், நேற்றுத் தெரிந்த எழுத்தை இன்று மறந்தும், பேச்சில் மட்டும் சுட்டியாகவும் இருந்தால் அது சோம்பல் அன்று. வாசிப்புத் திறனில் பிறவியிலேயே அமைந்த ஒரு தடையாக இருக்கலாம். அடிப்பதாலும் கூடுதலாக எழுத வைப்பதாலும் அது நீங்காது. வகுப்பாசிரியரிடம் பேசி, அவர் வழியாக உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தை அணுகுங்கள். அங்கே சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். போகும்போது பிள்ளையின் மதிப்பெண் அட்டையைவிட, தேதி போட்டு அது சொந்தமாக எழுதிய நோட்டையும், எந்தெந்தச் சொற்களில் தடுக்குகிறது என்று நீங்கள் குறித்துவைத்த தாளையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.